ஒப்புக்குச் சப்பாணி வேண்டாம்!



'ஒப்புக்குச் சப்பாணி' என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்தானே? சில ஊர்களில் 'உப்புக்குச் சப்பாணி' என்றும் சொல்வார்கள்.

அறுவடை முடிந்த வயலிலோ, களத்துமேட்டிலோ, கோயில் திடலிலோ பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். அக்காவின் இடுப்பிலிருந்து இறங்கிய நாலு வயதுத் தம்பி, "என்னையும் ஆட்டையிலே சேத்துக்கணும்" என்று அடம்பிடிப்பான். சேர்க்காவிட்டால் அழுவான். பெரிய பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "சரி, இவன் ஒப்புக்குச் சப்பாணி" என்பார்கள். அவ்வளவுதான். அவன் ஓடலாம், குதிக்கலாம், கத்தலாம். ஆனால் அவனைத் தொட்டாலும் அவுட் இல்லை; அவன் தொட்டாலும் அவுட் இல்லை. எந்தக் கட்சியின் கணக்கிலும் அவன் வரமாட்டான்.

நாலு வயதுத் தம்பிக்கு இது போதும். அவனுக்கு மகிழ்ச்சிதான். இரண்டு வருடம் போனால் அவனும் உண்மையான ஆட்டக்காரன் ஆகிவிடுவான்.

ஆனால், பத்து வயதானாலும், பதினான்கு வயதானாலும் ஒப்புக்குச் சப்பாணியாகவே வைக்கப்படும் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி யோசித்தது உண்டா? சப்பாணி என்ற சொல்லுக்கு நடக்க இயலாதவர் என்று பொருள். 'இவன் கணக்கில் இல்லை' என்று சொல்வதற்கு, நாம் நடக்க இயலாதவரின் பெயரையே எடுத்து வைத்திருக்கிறோம். நினைத்துப் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது அல்லவா? மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் ஒரே பூங்காவில், ஒரே திடலில், ஒரே ஆட்டத்தில் சேர்ந்து விளையாட என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

அவுட்டுன்னா அவுட்டு!

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். போலியோவால் அவனுக்கு ஒரு கால் சூம்பிப் போயிருந்தது. இரும்புக் காலிப்பர் மாட்டிக்கொண்டு மெல்ல நடப்பான். விளையாட்டு மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் திடலுக்கு ஓடுவார்கள். இவனுக்கு ஒரு நிரந்தர வேலை உண்டு. எல்லாருடைய பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கிரிக்கெட் நடந்தால் ரன் கணக்கு எழுத வேண்டும்.

ஒருநாள் அவன் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "ஏன்டா, இவன் அடிக்கட்டும். இவனுக்குப் பதிலா வேற ஒருத்தன் ஓடட்டுமே!"

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. மட்டையைக் கொடுத்தார்கள். முதல் இரண்டு பந்தை நன்றாகவே அடித்தான். மூன்றாவது பந்தில் குச்சி விழுந்துவிட்டது. பந்து போட்டவன் இரக்கப்பட்டு, "பரவாயில்லடா, அவுட் இல்ல. நீ இன்னொரு தடவை அடி" என்றான்.

அவ்வளவுதான், அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "குச்சி விழுந்துச்சுல்ல? அவுட்டுன்னா அவுட்டுன்னு சொல்லுங்கடா!" என்று மட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டான்.

மறுநாளிலிருந்து அவனுக்கும் எல்லாரையும் போலவே அவுட் கொடுத்தார்கள். நிறைய தடவை அவுட் ஆனான். ஒருநாள், அவுட்டே இல்லை என்று திடலே அதிரச் சண்டையும் போட்டான். அதைப் பார்த்து எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

அந்தப் பையன் கேட்டது என்ன? இரக்கத்தையா? இல்லை. ஆட்டத்தில் ஒரு இடம். ஜெயிக்கவும் தோற்கவும் ஒரு வாய்ப்பு. குழந்தைகளை வெளியே உட்காரவைப்பது ஒரு தவறு. உள்ளே அழைத்துவந்து கணக்கில் சேர்க்காமல் விடுவது இன்னொரு தவறு.

அணை திறந்தால் போதுமா?

விளையாட்டு என்பது வேலையில்லாத நேரத்தில் செய்யும் வேலை அன்று. ஓடும்போது உடம்பு வளர்கிறது. சண்டை போட்டுச் சமாதானம் ஆகும்போது மனம் வளர்கிறது. விட்டுக்கொடுக்கவும், முறைக்காகக் காத்திருக்கவும், தோற்றால் எழுந்து நிற்கவும் எந்தப் பாடப்புத்தகத்தையும்விட விளையாட்டுத்தான் நன்றாகச் சொல்லித்தருகிறது.

அதனால்தான் 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை உருவாக்கிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, விளையாடுவதைக் குழந்தைகளின் உரிமை என்று தன் 31ஆவது பிரிவில் சொன்னது. நம் நாடு 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2006இல் ஐ.நா. இன்னொரு உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாட வழி செய்ய வேண்டும் என்று அதன் 30ஆவது பிரிவு கூறுகிறது. 2007இல் இந்தியா அதையும் ஏற்றது. பிறகு 2016இல் நம் நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 21 வகையான குறைபாடுகளை அந்தச் சட்டம் பட்டியலிட்டிருக்கிறது.

இத்தனை சட்டங்கள் இருக்கின்றனவே, பிறகென்ன கவலை என்கிறீர்களா?

காவிரிக் கரைப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூர் அணையைத் திறந்துவிட்டால் மட்டும் பயிர் விளைந்துவிடுமா? தண்ணீர் கல்லணைக்கு வர வேண்டும். ஆற்றில் பிரிய வேண்டும். வாய்க்காலில் ஓட வேண்டும். கடைமடை வயலின் மடைக்குள் நுழைய வேண்டும். வாய்க்கால் ஒரு இடத்தில் தூர்ந்து கிடந்தாலும் கடைமடை காய்ந்துதான் போகும். சட்டம் என்பது அணை திறப்பது போல. நம் தெருக் கோடியில் இருக்கும் பூங்காதான் கடைமடை. அங்கே ஒரு குழந்தை ஊஞ்சல் ஆடினால்தான் தண்ணீர் வந்து சேர்ந்தது என்று பொருள்.

கிலிகிலி என்றால் பயமா?

நம் பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒரு நல்ல செய்தியைச் சொல்கிறேன். பெங்களூரில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோர் சிலர் ஒன்றுகூடி ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் பெயர் 'கிலிகிலி'. தமிழில் கிலி என்றால் பயம். கன்னடத்தில் கிலிகிலி என்றால் குழந்தைகளின் கலகல சிரிப்பு!

"எங்கள் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பூங்கா கட்டிக்கொடுங்கள்" என்று அவர்கள் கேட்கவில்லை. "எல்லாரும் போகும் பூங்காவில் எங்கள் பிள்ளைகளும் விளையாட வழி செய்யுங்கள்" என்றுதான் கேட்டார்கள். மாநகராட்சியோடு சேர்ந்து 2006இல் பெங்களூரின் கோல்ஸ் பூங்காவில் அப்படி ஒரு விளையாட்டு இடத்தை உருவாக்கினார்கள். பிறகு வேறு பூங்காக்களிலும் அது தொடர்ந்தது. நம் சென்னையிலும் சாந்தோம் பகுதியில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை மனத்தில் வைத்து ஒரு பூங்கா அமைக்கப்பட்டிருக்கிறது.

சென்னை மெரினாவை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி மணலில் புதைந்துவிடும். அதனால் கடற்கரைக்கு வந்தும், கடல் அலையைத் தொடாமலே வாழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். 2022 நவம்பர் 27 அன்று அங்கே மரப்பலகையால் ஆன பாதை ஒன்று திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் கடலுக்கு அருகே போய் அலையைப் பார்க்க முடிந்தது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அந்தப் பாதையின் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது. "போனால் போகட்டும்" என்று விட்டுவிடவில்லை; மறுபடி சரி செய்தார்கள். ஒன்றைக் கட்டுவது போலவே, அதைக் காப்பாற்றுவதும் முக்கியம் அல்லவா?

கடல் கடந்தும் ஒரு எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் கார்டன் ஹார்ட்மன் என்பவரின் மகள் மார்கன் ஒரு மாற்றுத்திறனாளி. ஒருமுறை நீச்சல் குளத்தில் மற்றக் குழந்தைகளோடு விளையாட மார்கன் நெருங்கியபோது, அந்தக் குழந்தைகள் விலகிப் போய்விட்டார்கள். எப்படிப் பழகுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தத் தந்தை கோபப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் அடைந்துவிடவில்லை. எல்லாரும் சேர்ந்து விளையாடும் ஒரு பெரிய பூங்காவையே 2010இல் திறந்துவிட்டார். அங்கே சக்கர நாற்காலியோடு ஏறி ஆடும் ஊஞ்சல் உண்டு. 2017இல் நீர் விளையாட்டுப் பூங்காவும் வந்தது. அங்கே தண்ணீரில் நனைந்தாலும் கெடாமல், காற்றழுத்தத்தால் ஓடும் சக்கர நாற்காலிகளைக்கூடச் செய்து வைத்திருக்கிறார்கள்!

டேப் எடுங்கள், அளந்து பாருங்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டி இருக்கும் சிவகங்கைப் பூங்கா உங்களில் பலருக்குத் தெரியும். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம், பட்டுக்கோட்டை என்று எந்த ஊரில் இருந்தாலும், உங்கள் பக்கத்தில் ஒரு பூங்காவோ பள்ளித் திடலோ இருக்கும். அடுத்த முறை போகும்போது, வீட்டிலுள்ள தையல் டேப்பையும் ஒரு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு விளையாட்டுப் போல இதைச் செய்யலாம்.

முதலில் வாசல். ஆடு மாடும் இரு சக்கர வண்டியும் நுழையக் கூடாது என்று சில இடங்களில் வாசலில் இரும்புக் கம்பங்களை நெருக்கமாக நட்டிருப்பார்கள். மாடு நுழையாது, சக்கர நாற்காலியும் நுழையாது! ஒரு சக்கர நாற்காலி தாராளமாகப் போக, குறைந்தது 90 செ.மீ. இடைவெளி வேண்டும். உங்கள் பூங்கா வாசல் எவ்வளவு இருக்கிறது?

அடுத்து படி. படி இருந்தால் பக்கத்தில் சாய்தளம் இருக்கிறதா? இருந்தாலும் அது செங்குத்தாக இருந்தால் பயனில்லை. 1 அடி உயரம் ஏற 12 அடி நீளமாவது சாய்தளம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அரை அடிப் படி ஒன்றுக்கு 6 அடி. மூன்று படி இருந்தால்? நீங்களே பெருக்கிச் சொல்லுங்கள். கணக்குப் பாடம் எதற்கு என்று இனி கேட்கமாட்டீர்கள் அல்லவா?

பிறகு பாதை. சறுக்குமரத்தின் கீழும் ஊஞ்சலின் கீழும் மணல் கொட்டியிருப்பார்கள். விழுந்தால் அடிபடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மணலில் சக்கரம் புதையும், ஊன்றுகோலும் இறங்கும். விளையாட்டுச் சாமான் வரைக்கும் கெட்டியான பாதை ஒன்று போய்ச் சேருகிறதா என்று பாருங்கள்.

ஊஞ்சலைப் பாருங்கள். முதுகைச் சாய்த்துக்கொள்ள சாய்மானமும், விழாமல் இருக்க முன்பக்கப் பட்டையும் உள்ள ஊஞ்சல் ஒன்றாவது இருக்கிறதா? தரையில் உட்கார முடியாத குழந்தைக்கு, மேசை உயரத்தில் ஒரு மணல் தொட்டி இருந்தால் எப்படி இருக்கும்! தட்டினால் ஓசை தரும் குழாய்களும், தொட்டால் சொரசொரப்பும் வழவழப்பும் தெரியும் சுவரும் பார்வையில்லாத குழந்தைக்கு எவ்வளவு இன்பம்! கூச்சலும் கூட்டமும் பிடிக்காத ஆட்டிசம் உள்ள குழந்தை, சற்று ஒதுங்கி அமைதியாக உட்கார ஒரு மர நிழல் இருக்கிறதா?

குடிநீர்க் குழாய் எட்டுகிறதா, கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையுமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"எங்கள் ஊரில் அப்படிப்பட்ட குழந்தைகளே இல்லையே, யாருக்காக இதெல்லாம்?" என்று சிலர் கேட்பார்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். தஞ்சாவூரிலேயே பார்வைத்திறன் குறையுடையோருக்கும், செவித்திறன் குறையுடையோருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. அப்படியென்றால் பூங்காவில் அவர்களை நாம் ஏன் அதிகம் பார்ப்பதில்லை? வர வழியில்லை, வந்தாலும் வேடிக்கை பார்க்கிறார்கள். அதனால் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இல்லை என்பதால் பாதை போடவில்லை என்கிறோம். பாதை இல்லை என்பதால் அவர்கள் வரவில்லை. முதலில் எதை மாற்ற வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. சாய்தளம் போட்டால் அது சக்கர நாற்காலிக்கு மட்டுமா பயன்படும்? முழங்கால் வலிக்கும் பாட்டி, கைக்குழந்தையோடு வரும் அம்மா, காலில் கட்டுப் போட்ட அண்ணன் என்று எல்லாரும் அதில்தான் நடப்பார்கள்!

விதியை மாற்றினால் ஆட்டம் கெடுமா?

வாசல் திறந்தாயிற்று. பாதையும் போட்டாயிற்று. இனி என்ன? ஆட்டம் திறக்க வேண்டும். இதை எந்த மாநகராட்சியும் செய்ய முடியாது. உங்களால்தான் முடியும்.

பார்வையற்றோர் கிரிக்கெட் பார்த்திருக்கிறீர்களா? பந்துக்குள் சிறு உலோகக் குண்டுகள் இருக்கும். உருளும்போது கலகலவென்று ஓசை வரும். காதால் கேட்டே அடிப்பார்கள். பந்து போடுபவர் முதலில், தயாரா என்று கேட்க வேண்டும். மட்டையாளர் பதில் சொன்ன பிறகுதான் கையைத் தாழ்த்திப் பந்தை உருட்டிவிட வேண்டும். முற்றிலும் பார்வையில்லாதவர் எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் இரண்டாகக் கணக்கிடப்படும். இந்த ஆட்டத்தில் 2012ஆம் ஆண்டு முதலாவது இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது நம் இந்தியா. 2025 நவம்பரில் நடந்த பார்வையற்ற பெண்களுக்கான முதலாவது இருபது ஓவர் உலகக் கோப்பையையும் நம் வீராங்கனைகளே வென்றார்கள்.

சக்கர நாற்காலி டென்னிசில் பந்து இரண்டு முறை தரையில் பட்டு எழலாம். உட்கார்ந்து ஆடும் வாலிபாலில் வலையைத் தாழ்த்திக் கட்டுவார்கள். பார்த்தீர்களா? விதியை மாற்றியதால் ஆட்டம் கெடவில்லை. புதிய ஆட்டம் பிறந்தது.

நம் ஊர் விளையாட்டுகளும் இதற்கு ஏற்றவைதான். பல்லாங்குழியில் 14 குழிகள். கண் தெரியாவிட்டாலும் விரலால் தடவிப் புளியங்கொட்டையை எண்ணி ஆடலாம். தாயமும் ஆடுபுலி ஆட்டமும் உட்கார்ந்த இடத்தில் ஆடுபவை. காது கேளாத நண்பர் இருந்தால், விசில் ஊதும்போதே கைக்குட்டையையும் ஆட்டிக் காட்டலாம். ஓட முடியாதவர் இருந்தால், அவருக்காக வேறொருவர் ஓடலாம். அல்லது எல்லாருமே உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தை அன்று ஆடலாம்.

ஆட்டத்தின் வேகம் சில நாள் குறையும் என்பது உண்மைதான். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புது விதி கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு. அதைவிட முக்கியம், அந்த விதியை அந்த நண்பரையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். "உனக்கு எப்படி வசதி?" என்ற ஒரு கேள்வி போதும். கேட்காமல் சக்கர நாற்காலியைத் தள்ளக் கூடாது. அவரிடம் பேச வேண்டியதை அவர் அம்மாவிடம் பேசக் கூடாது. பட்டப்பெயர் வைக்கவே கூடாது.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். அடுத்த இரண்டு பாராலிம்பிக் போட்டிகளிலும் வெள்ளியும் வெண்கலமும் பெற்றார். அவரை நினைத்துப் பெருமைப்படுவோம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். பதக்கம் வாங்குபவர்களுக்குத்தான் திடலில் இடம் என்று சட்டம் இல்லை. சும்மா மகிழ்ச்சிக்காக விளையாடுகிற, அடிக்கடி தோற்கிற குழந்தைக்கும் அதே இடம் உண்டு. நமக்கெல்லாம் அப்படித்தானே?

இந்த வார வேலை

மூன்று வேலைகள் தருகிறேன். ஒன்று, மேலே சொன்னபடி உங்கள் பூங்காவையோ பள்ளித் திடலையோ அளந்து எழுதுங்கள். இரண்டு, அதைத் தெளிவான ஒரு கடிதமாக்கி, உங்கள் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ காட்டி, ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்துக்குக் கொடுங்கள். கிராமத்துப் பிள்ளைகள் பெற்றோர் மூலம் கிராம சபையில் இதைப் பேசச் செய்யலாம். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். 'சாய்தளம் வேண்டும்' என்று மட்டும் எழுதாமல், 'வாசல் இத்தனை செ.மீ. இருக்கிறது, 90 செ.மீ. வேண்டும்' என்று எழுதுங்கள். அளவோடு எழுதிய கடிதத்தை ஒதுக்கி வைப்பது கடினம்.

மூன்றாவது வேலைக்குக் கடிதமும் வேண்டாம், காசும் வேண்டாம். உங்கள் தெருவில், உங்கள் வகுப்பில், திடலின் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் ஒரு நண்பரோ தோழியோ இருக்கலாம். இன்று சாயங்காலம் போய், "ஆட்டைக்கு வர்றியா? எந்தக் கட்சி?" என்று கேளுங்கள். வரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். நாளைக்கு மறுபடி கேளுங்கள். வந்துவிட்டால், ரன் எடுத்தால் கை தட்டுங்கள். அவுட் ஆனால் அவுட் கொடுங்கள்.

அன்று முதல் உங்கள் திடலில் ஒரு புது விதி இருக்கட்டும்: இங்கே ஒப்புக்குச் சப்பாணி என்று யாரும் கிடையாது. எல்லாரும் ஆட்டக்காரர்களே! கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த செய்தியை எங்களுக்கும் எழுதுவீர்கள்தானே?

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்